டீசல் வண்டியின் 'கடகட': ஒரு சத்தத்தின் வரலாறு

போன மாதம் சித்தப்பாவின் டீசல் பிக்கப், நியூட்ரலில் நிற்கும்போது மட்டும் 'கடகட'வென்று சத்தம் போட ஆரம்பித்தது. ஓட்டும்போது ஒன்றுமில்லை. "என்ஜினைப் பிரிச்சுதான் பாக்கணும்" என்றார்களாம் ஒரு ஒர்க்‌ஷாப்பில். காய்கறி லோடு அடிக்கும் வண்டி. என்ஜினைப் பிரித்துப் போட்டால் அத்தனை நாள் வருமானமும் போச்சு. "கம்ப்யூட்டர்ல என்னென்னமோ கண்டுபிடிக்கிறியே, இதச் சொல்லு பாப்போம்" என்றார். நான் மெக்கானிக் இல்லை. என் வழக்கப்படி வரலாற்றிலிருந்து ஆரம்பித்தேன்.

ருடால்ஃப் டீசல் 1897ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக்காட்டிய என்ஜின் சுமார் 20 குதிரைத்திறன் கொண்டது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 150 சுற்றுதான். அழுத்தப்பட்ட காற்றைக் கொண்டு எரிபொருளைச் சிலிண்டருக்குள் ஊதினார்கள். அதற்குப் பெரிய கம்ப்ரஸர் வேண்டும். அதைத் தூக்கி வண்டியில் வைக்க முடியாது. 1927ல் பாஷ் நிறுவனம் டீசல் பம்ப்பைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. கம்ப்ரஸர் இல்லாத டீசல் லாரிகள் பெருகின.

டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சூடான காற்றில் பீய்ச்சப்பட்ட டீசல் பற்றிக்கொள்ள ஒரு கண நேரம் ஆகும். அதற்குள் சேர்ந்துவிட்ட டீசல் மொத்தமும் ஒரே அடியாக எரியும். அந்த அடிதான் 'டக் டக்'. என்ஜின் குளிர்ந்திருந்தால் தாமதம் அதிகம், சத்தமும் அதிகம். இதற்கு ஒரு மருந்து 1909லேயே வந்திருந்தது: பென்ஸ் நிறுவனத்தின் ப்ராஸ்பர் லொராஞ்ச் யோசித்த முன்னறை. சின்ன அறையில் எரியத் தொடங்கி, பிறகு சிலிண்டருக்குள் பரவும். சத்தம் குறையும், ஆனால் மைலேஜும் குறையும். மைலேஜுக்காக டீசலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சியபோது சத்தம் திரும்பி வந்தது. 1997ல் கார்களுக்கு வந்த காமன் ரெயில் முறைதான் அதைப் பெரிதும் அடக்கியது: முதலில் ஒரு சொட்டு, அது பற்றியதும் மீதி.

பழைய பம்ப் வண்டிகளில் மெக்கானிக்குகள் ஒவ்வொரு நாசில் பைப்பின் நட்டையும் லேசாகத் தளர்த்திப் பார்ப்பார்கள். எதைத் தளர்த்தும்போது சத்தம் நிற்கிறதோ, அந்தச் சிலிண்டரில் கோளாறு. நாங்கள் கோடில் ஒவ்வொரு வரியாக நிறுத்திப் பார்ப்பது போலத்தான். காமன் ரெயிலில் இதைச் செய்யவே கூடாது. ஆயிரம் பாருக்கு மேல் போகும் அழுத்தம் தோலைக் கிழித்து டீசலை உள்ளே ஏற்றிவிடும். ஸ்கேனரை மாட்டித்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் எல்லாக் கடகடவும் எரிவதால் வருவதில்லை. நாலு சிலிண்டர் என்ஜின் 800 சுற்றில் ஓடினால் நொடிக்குச் சுமார் 27 முறை எரிகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு தள்ளு. நியூட்ரலில் கியர்களுக்குப் பாரம் இல்லை. ஆகவே பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் அவை ஒன்றையொன்று தட்டிக்கொண்டே இருக்கும். 1980களின் நடுவில் இதற்காக இரட்டைப் பிளைவீல் வந்தது. இரண்டு தட்டு, நடுவே ஸ்பிரிங். தள்ளை ஸ்பிரிங் விழுங்கிவிடும். அது தேய்ந்தால் பழைய கடகட மறுபடி கேட்கும்.

இதைப் படித்ததும் போன் செய்தேன். "வண்டிய நியூட்ரல்ல ஸ்டார்ட் பண்ணி, கிளட்ச்ச முழுசா மிதிங்க சித்தப்பா."

"நின்னுருச்சுடா!"

"இப்ப விடுங்க."

"திரும்ப வந்துருச்சு."

கிளட்ச்சை மிதித்தால் கியர்பாக்ஸ் என்ஜினிலிருந்து பிரிந்துவிடும். அப்போது சத்தம் நின்றால், முதலில் பிரிக்க வேண்டியது என்ஜின் அல்ல. வேறு மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தார். பிளைவீல் ஸ்பிரிங் தளர்ந்து போயிருந்தது. மலிவான சாமான் இல்லைதான். ஆனாலும் வண்டி மூன்றாம் நாளே லோடுக்குப் போய்விட்டது.

மிதித்தும் சத்தம் மாறவில்லையென்றால் ஆயில் அளவு, சைலன்சர் பக்கம் லூசான தகடு, அப்புறம் நாசில் என்ற வரிசையில் பாருங்கள். அடியிலிருந்து 'தொம் தொம்' என்று கனமாகக் கேட்டால் மட்டும் உடனே என்ஜினை நிறுத்திவிடுங்கள். அது பேரிங்காக இருக்கலாம்.