கப்பலேறிய தேயிலையும் நாடற்ற கைகளும்

உலகம் ஒரே சந்தையாகிவிட்டது என்கின்றனர். உலகமயமாதல் என்று பெயரும் சூட்டி, நேற்றுப் பிறந்த குழந்தைபோல் அதனைக் கொஞ்சுகின்றனர். அக்குழந்தைக்கு வயது நூற்றைம்பதுக்கும் மேல் என்பதை இலங்கை மலைநாட்டின் வரலாறு காட்டுகிறது. சரக்குக்குத் திறந்த கதவு, அதனை ஆக்கிய மனிதனுக்கு மட்டும் ஏன் அடைக்கப்பட்டது? நாம் எழுப்பும் கேள்வி இதுதான்.

1820களில் கண்டிச் சீமையில் காப்பித் தோட்டங்கள் தோன்றின. துரைமார்க்கு நிலம் தேவை. 1840ஆம் ஆண்டுச் சட்டம், உரிமை மெய்ப்பிக்கப்படாத காடும் தரிசும் அரசுக்கே என்றது. நிலம் கிடைத்தது. ஆனால் கண்டி உழவன் தன் வயலை விட்டுக் கூலிக்கு வர விரும்பவில்லை. கடலுக்கு இக்கரையிலோ பஞ்சம் ஒருபுறம், பண்ணையடிமைத்தனமும் சாதிக் கொடுமையும் மறுபுறம்! கங்காணி வந்தான், ஆசை காட்டினான், அழைத்துச் சென்றான். மன்னார் வழியே காடு கடந்தோரில் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் இரையானோர் ஏராளம்.

1869இல் இலைநோய் தாக்கிக் காப்பி அழிந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டியருகே பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. இலண்டனில் ஏலம், ஐரோப்பாவெங்கும் மணம்! பறித்த பெண்ணுக்கோ லயத்தில் ஓர் இருட்டறை. தோட்டம் மாறவும் உரிமையில்லை. கடனைக் குறித்த ‘துண்டு’ காலில் விலங்காயிற்று. 1921இல்தான் அந்தத் துண்டு ஒழிந்தது.

விடுதலை வந்தது, 1948இல். விடியல் வந்ததா? அவ்வாண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தை பிறந்த இடத்துக்குச் சான்று எங்கே என்று கேட்டது. தேயிலைப் பெட்டிக்கெல்லாம் கணக்கு எழுதியவர்கள், தொழிலாளியின் பிறப்புக்கு ஒழுங்காகக் கணக்கு எழுதினரா? சுமார் ஏழு இலட்சம் பேர் நாடற்றோராயினர். 1949இல் வாக்குரிமையும் போயிற்று. நிலத்தைப் பறித்தவன் துரை; சினமோ அந்நிலத்தில் முதுகொடிந்தவன் மீது! மக்களைப் பிரித்து ஆள்வோர்க்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டனர். சந்தையில் மாட்டைப் பிரிப்பதுபோல மனிதரைப் பிரித்தனர். அம்மனிதரைக் கேட்டார் இல்லை. இலங்கையில் எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! தலைவிதி என்பர் வைதிகர். இல்லை, தோழர்களே! பிரமன் எழுதிய எழுத்தன்று அது. பாராளுமன்றம் எழுதிய எழுத்து. மனிதன் எழுதியதால்தான் மனிதனால் அழிக்க முடிந்தது.

இக்கதையில் நமக்கும் பங்குண்டு. தாயகம் திரும்பியோர் நீலகிரித் தேயிலைக் காட்டில் குடியமர்த்தப்பட்டனர். அங்கே அவர்கள் ‘இந்தியர்’, இங்கே ‘சிலோன்காரர்’! ஒரே மொழி பேசியும் அயலார் ஆயினர். ஆகவே, வேற்றுமொழியே பகைக்குக் காரணம் என்பது பொய். வந்தவன் வறியவன், அவனுக்காகக் கேட்க ஆளில்லை. காரணம் அங்கே இருக்கிறது.

இன்று திருப்பூருக்கும் சென்னைக்கும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தொழிலாளர் வருகின்றனர். ‘இவர்களால் நம் கூலி குறைகிறது’ என்கின்றனர் சிலர். குறைப்பவன் யார்? வந்தவனா, குறைந்த கூலிக்கு ஆள் தேடும் முதலாளியா? இருவர்க்கும் ஒரே கூலி என்று கேட்டால் இருவரும் வாழ்வர்; ஒருவனை விரட்டினால் முதலாளி மட்டுமே வாழ்வான். மொழி ஆதிக்கத்தை எதிர்ப்போம். அது நம் உரிமை. பிழைக்க வந்த உழைப்பாளியைப் பகைப்பது உரிமையன்று, மடமை. ஆதிக்கம் வேறு, அயலான் வேறு என்று பகுத்தறிவதற்குத்தான் பகுத்தறிவு.

மலைநாட்டில் நம்மவர்க்கு எந்த நீதியைக் கேட்டோமோ, அதே நீதியை நம் மண்ணில் பிறர்க்கு வழங்குவோம். வழங்காத கைக்குக் கேட்கும் தகுதி இல்லை.