ரோஜாவைத் தின்ற ஜப்பானிய வண்டு

பூக்களின் அரசி என்று ரோஜாவைச் சொல்வார்கள். அந்த அரசிக்கு எதிரிகளும் அதிகம். இளந்தளிரில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் அசுவினி, மொட்டுக்குள் புகுந்து இதழின் ஓரத்தைப் பழுப்பாக்கும் இலைப்பேன் என்று பட்டியல் நீளும். ஆனால் இவை எதுவுமே அமெரிக்க ரோஜாத் தோட்டங்களில் ஒரு விருந்தாளி வண்டு செய்த அட்டகாசத்துக்கு ஈடாகாது. அதன் பெயர் ஜப்பானிய வண்டு. இந்த வண்டு ரோஜாவுக்குச் செய்த கெடுதலைவிட, வண்டை ஒழிக்கக் கிளம்பிய மனிதன் செய்த கெடுதல் பெரியது. அந்தக் கதைதான் இது.

எப்படி வந்தது?

1916-ஆம் ஆண்டு கோடைக்காலம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ரிவர்ட்டன் என்ற ஊருக்கு அருகில் ஒரு நாற்றுப் பண்ணை. அங்கே ஆய்வாளர்கள் இதுவரை அந்த நாட்டில் பார்த்திராத சுமார் ஒரு டஜன் வண்டுகளைக் கண்டார்கள். ஜப்பானிலிருந்து வந்த ஐரிஸ் பூச்செடிகளின் வேர்மண்ணில் புழுவாக ஒளிந்து கடல் கடந்திருக்க வேண்டும் என்பது பூச்சியியலாளர்களின் கணிப்பு. வெளிநாட்டுச் செடிகளைச் சோதித்து உள்ளே விடும் சட்டம் அமெரிக்காவில் 1912-இல்தான் வந்தது. வண்டு அதற்கு முன்பே வந்துவிட்டது!

மூன்றே ஆண்டுகள். 1919-இல் அதே பகுதியில் ஒரே ஆள் ஒரு நாளில் 20,000 வண்டுகள் வரை கையால் பொறுக்க முடிந்தது.

அடையாளம் காண்பது எப்படி?

இதன் அறிவியல் பெயர் பொப்பில்லியா ஜப்பானிக்கா. நீளம் சுமார் 1 சென்டிமீட்டர். தலையும் கழுத்துப் பகுதியும் உலோகப் பச்சையில் மின்னும். இறக்கை மூடி செம்பு நிறம். பார்க்க அழகான வண்டுதான். வயிற்றின் ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து வெள்ளை மயிர்க்கற்றைகள், பின்முனையில் மேலும் இரண்டு. இந்த வெள்ளைப் புள்ளிகளை வைத்துத்தான் மற்ற வண்டுகளிலிருந்து இதைப் பிரித்தறிய வேண்டும்.

கடித்த தடமும் தனி. இலையின் நரம்புகளை விட்டுவிட்டு நடுவிலுள்ள பச்சையை மட்டும் தின்னும். இலை வலைபோல ஆகிவிடும். ரோஜாவில் இதழ்களையே தின்று பூவைக் குதறிவிடும். செடியின் உச்சியில், நல்ல வெயில் படும் இடத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். கடிபட்ட இலையிலிருந்து கிளம்பும் வாசனை மற்ற வண்டுகளையும் அழைக்கும். அதனால்தான் ஒன்று வந்த இடத்தில் நூறு வருகிறது.

ஆனால் செடியில் தெரிவது இதன் வாழ்க்கையில் ஒரு சிறு பகுதியே. வண்டாக வாழ்வது ஏறக்குறைய 30 முதல் 45 நாட்கள். பெண் வண்டு புல்தரை மண்ணில் 40 முதல் 60 முட்டைகள் வரை இடும். பொரித்த வேர்ப்புழுக்கள் புல்லின் வேரைத் தின்று, குளிர்காலத்தை மண்ணுக்கடியில் கழித்து, அடுத்த கோடையில் வண்டாக வெளிவரும். ஆக, ரோஜாச் செடியின் பிரச்சினை உண்மையில் பக்கத்துப் புல்தரையில் இருக்கிறது!

முதல் முயற்சிகள்

தொடக்கத்தில் கையால் பொறுக்கினார்கள். லெட் ஆர்சனேட் என்ற நஞ்சை இலைகளில் தெளித்தார்கள். மண்ணில் சயனைடு ஊற்றினார்கள். வண்டு இருக்கும் பகுதியிலிருந்து விளைபொருள் வெளியே போகத் தடை போட்டார்கள். வண்டு நிற்கவில்லை. முழுவதுமாக ஒழிக்கும் எண்ணத்தைச் சில ஆண்டுகளிலேயே கைவிட வேண்டியதாயிற்று.

அப்போதுதான் ஒரு கேள்வி எழுந்தது. இதே வண்டு ஜப்பானிலும் இருக்கிறதே, அங்கே ஏன் இது பெரிய தொல்லை இல்லை? அங்கே பரந்த புல்தரைகள் குறைவு. அதோடு இந்த வண்டுக்கு இயற்கை எதிரிகளும் உண்டு. கப்பலேறி வந்தது வண்டு மட்டும்தான். அதன் எதிரிகள் வரவில்லை.

எதிரிக்கு எதிரி

1920-களில் அமெரிக்கப் பூச்சியியலாளர்கள் ஜப்பான், கொரியா, சீனா சென்று அந்த எதிரிகளைத் தேடினார்கள். திஃபியா என்ற குளவி மண்ணுக்குள் நுழைந்து, வேர்ப்புழுவைக் கொட்டி அசையாமல் செய்து, அதன் மேல் முட்டையிடும். குளவிக் குஞ்சுக்கு அந்தப் புழுவே சாப்பாடு. ஜப்பானிலிருந்து வந்த ஒரு வகை ஈயோ வண்டின் கழுத்துப் பகுதியில் வெள்ளைப் புள்ளி போல ஒரு முட்டையை ஒட்டிவிடும். சில நாட்களில் வண்டு செத்துவிடும்.

1933-இல் நியூ ஜெர்சி மண்ணிலேயே இன்னொரு எதிரி கிடைத்தது. சில வேர்ப்புழுக்களின் உடல் பால்போல வெளுத்திருந்தது. ஒரு பாக்டீரியா உண்டாக்கும் 'பால் நோய்' அது. நோய்கண்ட புழு செத்தால் கோடிக்கணக்கான வித்துகள் மண்ணில் கலந்து, அடுத்த புழுவுக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்கும். மனிதர், பறவை, மண்புழு எதையும் அது தொடாது. 1939 முதல் 1950-களின் தொடக்கம் வரை 14 கிழக்கு மாநிலங்களில் இந்த வித்துத் தூளை அரசே தூவியது. குளவியும் நோயும் சேர்ந்து வேலை செய்த பல இடங்களில் வண்டின் எண்ணிக்கை மெல்லக் குறைந்தது.

ஷெல்டனில் நடந்தது

ஆனால் வண்டு மேற்கே நகர்ந்துகொண்டிருந்தது. இல்லினாய் மாநிலத்தின் ஷெல்டன் பகுதியில் 1954-இல் அதிகாரிகள் பொறுமையான வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. பால் நோய்த் தூளுக்குச் செலவு அதிகம் என்று காரணம் சொல்லப்பட்டது. அந்த வித்துகளை உயிருள்ள புழுக்களில் மட்டுமே வளர்க்க முடியும் என்பதால் அது விலை கூடியதுதான். அதற்குப் பதில் டில்ட்ரின் என்ற கடும் நஞ்சை விமானத்திலிருந்து 1,400 ஏக்கரில் கொட்டினார்கள். அடுத்த ஆண்டு மேலும் 2,600 ஏக்கர்.

விளைவு? நஞ்சு தின்ற புழுக்கள் மண்ணின் மேலே வந்து கிடந்தன. அவற்றைத் தின்ற பறவைகள் செத்தன. ராபின் பறவைகள் ஏறக்குறைய துடைத்தெறியப்பட்டன. தரை அணில்கள் அழிந்தன. பண்ணைப் பூனைகளில் சுமார் 90 சதவீதம் முதல் ஆண்டிலேயே இறந்தன என்று ராச்செல் கார்சன் 1962-இல் வெளியான 'மௌன வசந்தம்' நூலில் பதிவு செய்தார். வண்டாவது ஒழிந்ததா? இல்லை! 1961 முடிவதற்குள் சுமார் 1,31,000 ஏக்கரில் மருந்து அடித்தாயிற்று. வண்டு இன்றும் இல்லினாயில் இருக்கிறது.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான் போலும்.

அந்த நூல் கிளப்பிய விவாதம் சும்மா போகவில்லை. 1970-இல் அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை உருவானது. 1972-இல் டி.டி.டி.யின் பெரும்பாலான பயன்பாடுகள் தடை செய்யப்பட்டன. 1974-இல் டில்ட்ரினுக்கும் கட்டுப்பாடு வந்தது.

இன்று

வண்டின் பயணம் முடியவில்லை. 2014-இல் இத்தாலியின் மிலன் நகருக்கு அருகிலும், 2017-இல் சுவிட்சர்லாந்திலும் அது கண்டுபிடிக்கப்பட்டது.

பால் நோய்த் தூள் எல்லா மண்ணிலும் ஒரே மாதிரி பலன் தருவதில்லை என்பது பிற்கால ஆய்வுகளில் தெரிந்தது. வாசனைப் பொறிகள் பிடிப்பதைவிட அதிக வண்டுகளைத் தோட்டத்துக்குள் இழுத்து வருகின்றன என்று 1980-களில் கென்டக்கியில் செய்த சோதனைகள் காட்டின. ஆக, மந்திர மருந்து எதுவும் இல்லை. வீட்டு ரோஜாச் செடிக்கு இன்றும் சொல்லப்படும் எளிய வழி, காலையில் வண்டு சோம்பலாக இருக்கும்போது சோப்பு நீரில் தட்டிவிடுவதுதான். கழுத்துப் பகுதியில் வெள்ளைப் புள்ளி உள்ள வண்டை மட்டும் விட்டுவிட வேண்டும். அதற்குள் அடுத்த தலைமுறை ஈ வளர்ந்துகொண்டிருக்கிறது!

பூச்சியை அடையாளம் காண்பது என்றால் அதன் பெயரையும் நிறத்தையும் தெரிந்துகொள்வது மட்டுமல்ல. அது எங்கே பிறக்கிறது, எதைத் தின்கிறது, அதை யார் தின்கிறார் என்பதையும் தெரிந்துகொள்வதே. அதைத் தெரிந்துகொண்டவர்கள் வண்டோடு வாழக் கற்றார்கள். பொறுமை இல்லாதவர்கள் வண்டை விட்டுவிட்டுப் பறவைகளைக் கொன்றார்கள்.