கார்டேனியா: காய் பார்க்காமல் வைத்த பெயர்

1754இல் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து இங்கிலாந்துக்கு ஒரு செடி கப்பலேறியது. கொண்டுவந்தவர் கேப்டன் ஹட்சின்சன். எசெக்ஸிலிருந்த ரிச்சர்ட் வார்னரின் தோட்டத்தில் அது பூத்தது. பளபளக்கும் கரும்பச்சை இலை, அடுக்கு வெள்ளைப் பூ, ஆளைத் தூக்கும் வாசனை. மல்லிகைதான் என்று முடிவுகட்டி, வந்த இடத்தையும் சேர்த்து ‘கேப் ஜாஸ்மின்’ என்றார்கள்.

இரண்டுமே தப்பு. செடியின் தாயகம் சீனா. குடும்பமோ காப்பிச் செடியினுடையது.

இது மல்லிகை இல்லை என்று வாதிட்டவர் ஜான் எல்லிஸ் என்ற வணிகர். புதிய பேரினத்துக்கு முதலில் வார்னரின் பெயரைச் சூட்டப் பார்த்தார், வார்னர் வேண்டாமென்றார். உடனே இன்னொரு நண்பரின் நினைவு வந்தது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் மருத்துவம் பார்த்தபடியே, தாவரவியலாளர் லின்னேயஸுக்குச் செடிகொடிகளையும் மீன்களையும் அனுப்பிக்கொண்டிருந்த ஸ்காட்லாந்துக்காரர் அலெக்ஸாண்டர் கார்டன். அப்படிப் பிறந்ததுதான் ‘கார்டேனியா’. தோட்டத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததாகப் பலர் நினைப்பதற்கு, மருத்துவரின் குடும்பப் பெயர்தான் காரணம். மல்லிகை மயக்கமும் முழுக்கத் தீரவில்லை: தாவரவியல் பெயரின் பின்பாதியான ‘ஜாஸ்மினாய்டஸ்’ என்பதற்கு ‘மல்லிகை போன்றது’ என்றே பொருள்.

வங்காளிகள் மணத்தைப் பிடித்துக்கொண்டு ‘கந்தராஜ்’ என்கிறார்கள். மணக்கும் ஒருவகை எலுமிச்சைக்கும் அங்கே அதே பெயர்.

சீனரும் ஜப்பானியரும் பூவை விட்டுக் காயைப் பார்த்தார்கள். ஐந்தாறு வரிகள் புடைத்து, நுனியில் புல்லிவட்டம் உதிராமல் நீட்டிக்கொண்டிருக்க, முற்றினால் ஆரஞ்சு நிறமாகும் காய் அது. சீனப் பெயர் ‘ஜிர்ட்சு’. காய் பழங்கால மதுக்கிண்ணமான ‘ஜிர்’ போலிருப்பதால் வந்தது என்று 16ஆம் நூற்றாண்டின் மருத்துவ அறிஞர் லி ஷிஜென் விளக்கினார். ஜப்பானியப் பெயர் ‘குச்சினாஷி’, அதாவது ‘வாயில்லாதது’. பழுத்தாலும் காய் வெடித்து வாய் திறக்காது என்பது அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். இந்தக் காயைத் தட்டி ஊறவைத்தால் மஞ்சள் சாயம் இறங்கும். குங்குமப்பூவில் உள்ள குரோசின்தான் இதிலும் இருக்கிறது. ஜப்பானில் முள்ளங்கி ஊறுகாய்க்கும் புத்தாண்டுக் கஷ்கொட்டை இனிப்புக்கும் நிறம் கொடுப்பது இதுவே.

இங்கிலாந்துக்காரர்கள் காயைக் கவனிக்காமல் போனதற்குச் செடியே காரணம். வார்னரிடம் வந்தது அடுக்கு வகை. அதில் காய் பிடிப்பது அரிது. விதை இல்லாததால் ஜேம்ஸ் கோர்டன் என்ற நாற்றுப்பண்ணைக்காரர் குச்சி வெட்டி நட்டுப் பெருக்கினார். கைநிறையக் காசும் பார்த்தார்.

இன்றும் அடுக்குச் செடியைக் குச்சியில்தான் பெருக்குகிறார்கள். புளிப்பு மண், அதாவது கார அமிலக் குறியீடு 5 முதல் 6 வரை, இதற்கு ஒத்துக்கொள்ளும். சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல், நரம்பு பச்சையாகவே இருக்க இலை மஞ்சளாகும். வேர் காய்ந்தால் மொட்டு உதிரும். சாயக்காயும் வேண்டுமென்றால் ஒற்றை வகையைத் தேடி வாங்கி நட வேண்டும்.