தாயைப் பிரிந்த பன்றிக்குட்டிகளில் கழிச்சல்: குடலைக் காக்கும் தீவன முறை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மக்காச்சோளமும் மரவள்ளியும் தாராளமாகக் கிடைப்பதால் எலவனாசூர்கோட்டை போன்ற பகுதிகளில் வெண்பன்றி வளர்ப்புக்கு நல்ல வாய்ப்புள்ளது. ஆனால் தாயிடமிருந்து பிரித்த முதல் 10 நாட்களில் வரும் கழிச்சல் பல குட்டிகளைக் கொன்றுவிடும். பிழைத்தவையும் வளர்ச்சி குன்றிப்போகும்.

கழிச்சல் ஏன் வருகிறது?

தாய்ப்பாலிலுள்ள சர்க்கரை லாக்டிக் அமிலமாக மாறி, குட்டியின் இரைப்பையில் கெட்ட கிருமிகள் பெருகாமல் தடுக்கிறது. பால் நின்றதும் இந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. குட்டி ஓரிரு நாள் சரியாகத் தின்னாமல் இருந்தாலே குடலுறிஞ்சிகள் சுருங்கிவிடும். அதன்பின் பசியோடு அதிகம் தின்னும்போது செரிக்காத புரதத்தில் ஈ.கோலை கிருமி பெருகிக் கழிச்சல் உண்டாகிறது.

தீவனம்

பிறந்த 2 வாரத்திலிருந்தே குட்டித் தீவனத்தைச் சிறிதளவு பழக்குங்கள். பிரித்தபின் ஒரு வாரத்துக்கு அதே தீவனத்தை நாளொன்றுக்கு 4, 5 முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். 100 கிலோ கலவைக்கு:

- மக்காச்சோளம் 57 கிலோ
- சோயா புண்ணாக்கு 25 கிலோ
- கோதுமைத் தவிடு 10.5 கிலோ
- மீன்தூள் 5 கிலோ
- தாது உப்புக் கலவை 2 கிலோ
- உப்பு அரை கிலோ

இதில் சுமார் 20 சதவீதம் புரதம் இருக்கும். பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைச் சேர்க்கக் கூடாது. சேகோ ஆலைத் திப்பியில் புரதம் மிகக் குறைவு, நார் அதிகம். எனவே இந்த வயதில் வேண்டாம். பச்சை மரவள்ளித் தோலிலும் இலையிலும் சயனைடு நஞ்சு உண்டு.

துணைத் தீவனங்கள்

சிட்ரிக் அமிலத்தை 100 கிலோ தீவனத்துக்கு 1 கிலோ கலந்தால் இரைப்பையின் அமிலத்தன்மை கூடும். ஈஸ்ட், லாக்டோபேசில்லஸ் போன்ற புரோபயாடிக்குகளைப் பொட்டலத்தில் குறிப்பிட்ட அளவில் கலக்கலாம். வெந்நீரில் கலந்தால் அவை இறந்துவிடும். ஈரத்தரை, குளிர், குடிநீர்ப் பற்றாக்குறை ஆகியவற்றைச் சரிசெய்யாமல் இவற்றைக் கொடுத்துப் பயனில்லை.

அதிக அளவு துத்தநாக ஆக்சைடு கழிச்சலைக் கட்டுப்படுத்தும். ஆனால் அது சாணத்தோடு மண்ணில் சேர்வதாலும், மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்ப்பதாலும் ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் அந்தப் பயன்பாட்டை நிறுத்தியது. கொலிஸ்டின் மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த இந்தியாவில் 2019 முதல் தடை உள்ளது. கடையில் சொல்லும் மருந்தைத் தீவனத்தில் கலக்காதீர்கள்.

கழிச்சல் கண்டால்

பாதிக்கப்பட்ட குட்டிகளைப் பிரித்து வையுங்கள். தீவனத்தைப் பாதியாகக் குறைத்து, கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கரைத்து அடிக்கடி கொடுங்கள். உயிர் போவது பெரும்பாலும் நீரிழப்பால்தான். இரத்தக் கழிச்சல், காய்ச்சல், கண்ணிமை வீக்கம், தள்ளாட்டம் இருந்தால் காத்திருக்காமல் 1962 எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழையுங்கள். தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் ஆலோசனை பெறலாம்.