சந்திரகிரி அரண்மனை

திருவேங்கடமலைக்குச் செல்லாத தமிழ்க் குடும்பங்கள் மிகச் சிலவே. மும்பையிலும் டில்லியிலும் குடியேறிய நம்மவரும் ஊருக்கு வரும்போது திருப்பதியை மறப்பதில்லை. ஆயின், அங்கிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சந்திரகிரிக்குச் செல்வோர் சிலரே. நம் வரலாற்றின் ஓர் ஏடு அங்கே கட்டட வடிவில் நிற்கிறது.

சாளுவ நரசிம்மர் 1485இல் விஜயநகர அரியணை ஏறுமுன் சந்திரகிரியிலிருந்தே ஆட்சி செலுத்தினார். 1565இல் தலைக்கோட்டைப் போரில் பேரரசு தளர்ந்தது. தலைநகர் முதலில் பெனுகொண்டாவுக்கும், இரண்டாம் வேங்கடபதிராயர் காலத்தில் சந்திரகிரிக்கும் மாறியது. கோட்டைக்குள் மூன்று அடுக்குகளுடன் ராஜ மஹாலும், இரண்டு அடுக்குகளுடன் ராணி மஹாலும் உள்ளன. ராஜ மஹாலைக் கல், செங்கல், சுண்ணாம்புக் காரை ஆகியவற்றாலேயே எழுப்பினர், மரம் சேர்க்கவில்லை.

1639இல் ஆங்கிலேயக் கம்பெனியின் பிரான்சிஸ் டே, தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் கடற்கரையில் நிலம் பெற்றார். அங்கு எழுந்ததே புனித ஜார்ஜ் கோட்டை. அதனைச் சுற்றி வளர்ந்ததே சென்னை. இந்தச் சாசனம் சந்திரகிரி அரண்மனையில் உறுதி பெற்றதென்பது வழிவழி வரும் செய்தி. 1645இல் மூன்றாம் ஸ்ரீரங்கராயர் அந்த உரிமையைப் புதுப்பித்து அளித்தார் என்பதோ வரலாறு.

அடுத்த ஆண்டே கோல்கொண்டாப் படை கோட்டையைக் கைக்கொண்டது. 1782இல் ஹைதர் அலியின் வசமாயிற்று. அரசு மறைந்தபின் அரண்மனைக்கு ஏது பணி? பணியற்ற மாளிகை பாழாவதே உலகியல்பு. கோட்டைக்குள் சிதைந்து கிடக்கும் கோயில்களே இதற்குச் சான்று.

ராஜ மஹாலுக்கோ புதிய பணி கிடைத்தது. இந்தியத் தொல்லியல் துறை அதனைத் தொல்பொருட் காட்சிச்சாலையாக்கியது. குடிமல்லம், கண்டிக்கோட்டை, யாகண்டி முதலிய ஊர்களின் கற்சிலைகளும் உலோகப் படிமங்களும் இன்று அங்கே இடம் பெற்றுள்ளன. அரசர் கொலுவிருந்த மண்டபத்தில் இப்போது பள்ளிச் சிறுவர் நின்று பார்க்கின்றனர். மாளிகை பிழைத்தது, அதன் பெருமையும் பிழைத்தது.

1953இல் ஆந்திர மாநிலம் தோன்றியபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சென்றது. 1960இல் திருத்தணி நம்மிடம் வந்தது. 2022இல் சந்திரகிரி புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. எல்லைகள் மாறலாம், வரலாற்றுக்கு எல்லையில்லை. வெளி மாநிலங்களில் பிறந்த நம் பிள்ளைகள், சென்னையின் பிறப்போடு தெலுங்கு நாட்டு அரண்மனை ஒன்று தொடர்புற்றதை அறிதல் நலம். ஒரு மண்ணில் பிறந்து மற்றொரு மண்ணில் வாழும் நமக்கு அது தெம்பளிக்கும் செய்தியல்லவா? அடுத்த முறை மலையிலிருந்து இறங்கியதும், ஒரு நாழிகை சந்திரகிரிக்கும் ஒதுக்குவோமாக.