சம்பூரின் சூரிய மின்சாரம்: மலிந்தது பலகை, மலியாதது காணி

2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியும் ஜனாதிபதி அநுரகுமார திசாநாயக்கவும் கொழும்பில் இருந்தபடியே சம்பூர் சூரிய மின்நிலையப் பணிகளை இணையவழியில் தொடக்கி வைத்தனர். முதற்கட்டம் 50 மெகாவோட், இரண்டாம் கட்டம் 70, மொத்தம் 120 மெகாவோட். இந்தியாவின் தேசிய அனல் மின் கூட்டுத்தாபனமும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து அமைத்த கம்பனியே இதன் உரிமையாளர். மின்சாரத்துக்கு அமைச்சரவை அங்கீகரித்த விலை ஓர் அலகுக்கு 5.97 அமெரிக்க சதம். டொலரை 300 ரூபா என்று வைத்தால் 18 ரூபாவுக்குச் சற்றுக் குறைவு. மன்னார்க் காற்றாலைத் திட்டத்துக்காக அதானி குழுமத்துடன் முன்னைய அரசு இணங்கிய விலை 8.26 சதம். விலையைக் குறைக்கப் புதிய அரசு முற்பட்டபோது, 2025 பெப்ரவரியில் அக்குழுமம் விலகிக்கொண்டது.

இந்த மலிவு இலங்கையின் சாதனையல்ல. சீனத் தொழிற்சாலைகள் உலகத் தேவையை விஞ்சி உற்பத்தி செய்ததால், சூரியப் பலகையின் மொத்த விலை 2024 முடிவில் வாட் ஒன்றுக்கு ஏறத்தாழ 10 அமெரிக்க சதம் என்ற நிலைக்கு இறங்கியது. பலகை இன்று இத்தொழிலின் பெரிய செலவு அல்ல. அதை வைக்கும் காணி, மின்சாரத்தைக் கொண்டுபோகும் கம்பி, இரவுக்குச் சேமித்து வைக்கும் பற்றரி ஆகியவையே எதிர்காலத்தைத் தீர்மானிக்கப் போகின்றன. திருகோணமலையில் இந்த மூன்றில் முதலாவதே பெரிய கேள்வி.

சம்பூர் மக்கள் 2006 ஏப்ரலில் விமானக் குண்டுவீச்சுக்கும் எறிகணைக்கும் தப்பி ஊரைவிட்டு ஓடினார்கள். செப்டம்பரில் இராணுவம் ஊரைக் கைப்பற்றியது. அதே ஆண்டு டிசம்பரில், மக்கள் ஊரில் இல்லாத வேளையில், இந்தியாவும் இலங்கையும் திருகோணமலை அனல் மின் நிலையத்துக்கான உடன்பாட்டில் கையொப்பமிட்டன. 2007இல் மூதூர் கிழக்கு உயர் பாதுகாப்பு வலயமானது. 2011இல் இரு நாட்டு மின் நிறுவனங்களும் கூட்டுக் கம்பனி ஒப்பந்தம் செய்தன. 2012இல் 818 ஏக்கர் கைத்தொழில் வலயமாக வர்த்தமானியில் வந்தது. கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் இருந்தவர்களிடம் இதில் எதற்கும் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

2015இல் மைத்திரிபால சிறிசேன அந்த வர்த்தமானியை இரத்துச் செய்தார். 2016இல் கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கரும் விடுவிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், சூழலியல் அமைப்பொன்று தொடுத்த வழக்கில், சம்பூரில் நிலக்கரி நிலையம் அமைக்கப்படாது என்று அரசு உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. ஆனால் நிலக்கரிக்கென ஒதுக்கிய ஏறத்தாழ 500 ஏக்கர் ஊராருக்குத் திரும்பவில்லை. 2022 மார்ச்சில் அதே இரு நிறுவனங்களும் சூரிய மின்சாரத்துக்காக மீண்டும் கையொப்பமிட்டன.

தரையில் அமைக்கும் சூரிய மின்நிலையத்துக்கு ஒரு மெகாவோட்டுக்கு நான்கு முதல் ஐந்து ஏக்கர் வேண்டும். 120 மெகாவோட் என்றால் 480 முதல் 600 ஏக்கர். நிலக்கரிக்கு எடுத்த காணி சூரியனுக்கு அளவெடுத்தாற்போல் பொருந்துகிறது. உற்பத்தி மட்டும் ஒப்பிட முடியாதது. 500 மெகாவோட் அனல் நிலையம் ஆண்டுக்கு 350 கோடி அலகு வரை தந்திருக்கும். 120 மெகாவோட் சூரிய நிலையம் சுமார் 20 கோடி அலகு தரும். புகையும் சாம்பலும் கொட்டியார் விரிகுடாவில் சுடுநீரும் இல்லை என்பது பெரிய ஆறுதல்தான். ஆனால் சூரிய மின்சாரம் காணி தின்னும் தொழில் என்பதை அதிகாரிகள் மேடையில் சொல்வதில்லை.

முத்துநகர் அதற்கு அடுத்த சாட்சி. துறைமுக அதிகார சபையின் பெயரில் உள்ள அந்தக் காணியில் நீண்ட காலமாக வயல் செய்தவர்கள், சூரிய மின் திட்டங்களுக்கு அது கொடுக்கப்பட்டதை எதிர்த்து 2025 செப்டம்பரில் திருகோணமலை மாவட்டச் செயலகத்தின் முன் தொடர் சத்தியாக்கிரகத்தில் அமர்ந்தார்கள். திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் இலங்கையும் அந்த ஏப்ரலிலேயே உடன்பட்டிருப்பதால், காணிக்கான கேள்வி இன்னும் கூடும்.

கம்பிக்கும் பற்றரிக்கும் வருவோம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்ததால் நாடே இருண்டது என்ற செய்தியைப் பார்த்துப் பலரும் சிரித்தார்கள். உண்மையில் தேவை குறைந்த பகல் வேளையில் சூரிய மின்சாரத்தின் பங்கு மிக அதிகமாக இருந்ததால், ஒரு கோளாறைத் தாங்கும் பலம் மின்கட்டமைப்பில் இருக்கவில்லை என்பதே மின்சார சபையின் விளக்கம். அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரியத் தொகுதிகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி சபை கேட்டுக்கொண்டது. மதியத்தில் தேவைக்கு மிஞ்சி வரும் மின்சாரம், மாலை 6.30க்கு விளக்கும் தொலைக்காட்சியும் போடும்போது இல்லை.

இதன் விளைவு வீட்டுக்காரரின் வருமானத்தில் தெரிகிறது. 2022இல் சிறிய கூரைத் தொகுதிகளுக்கு அலகுக்கு 37 ரூபா தந்தார்கள். 2024இல் 27 ஆனது. 2025இல் 5 கிலோவோட் வரையான புதிய தொகுதிகளுக்கு 20.90. மாதம் 600 அலகு தரும் 5 கிலோவோட் தொகுதியின் வருமானம் 22,200 ரூபாவிலிருந்து 12,540 ஆக இறங்கிவிட்டது. பழைய ஒப்பந்தக்காரருக்குப் பாதிப்பில்லை. இனிமேல் கடன் எடுத்துப் பூட்டப் போகிறவர் விற்பனை முகவரின் பழைய கணக்கை நம்பக்கூடாது. அதேவேளை, பற்றரியில் சேமித்து மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை தரும் மின்சாரத்துக்கு 45.80 ரூபா அறிவிக்கப்பட்டுள்ளது. சந்தை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை இந்த ஒரு விலை காட்டுகிறது.

போரில் உறுதியைத் தொலைத்த குடும்பத்துக்கு வங்கிக் கடன் எளிதல்ல. மாதம் 60 அலகுக்குள் பாவிக்கும் வீட்டுக்குக் கூரைத் தொகுதி இலாபமும் தராது. மூதூர் கிழக்கில் பொருந்துவது பகலிலேயே செலவாகும் மின்சாரம்: தோட்டக் கிணற்றில் நீரிறைக்கும் பம்பி, கடற்றொழிலாளருக்கு ஐஸ், நெல் ஆலை. சங்கமாகச் சேர்ந்து செய்தால் வலையமைப்பின் விலையைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. வயலைத் தொடாத வழியும் உண்டு. யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தின் கிளிநொச்சி வளாகத்தில் 2020இல் நோர்வே உதவியுடன் நீர்நிலையின் மேல் மிதக்கும் சூரியத் தொகுதி அமைக்கப்பட்டது. 42 கிலோவோட், சிறியதுதான். மீன்பிடிக்கும் நன்னீருக்கும் இடைஞ்சலில்லாமல் மூதூர், கந்தளாய்ப் பக்கக் குளங்களில் இதைப் பெரிதாகச் செய்ய முடியுமா என்று பார்த்த பிறகு வயலை அளக்க வந்திருக்கலாம்.

சம்பூரிலிருந்து கப்பல்துறை உபமின் நிலையத்துக்கு 220 கிலோவோல்ட் கம்பிப்பாதையும் இத்திட்டத்தோடு வருகிறது. கோபுரம் நடும் காணிக்கு என்ன நட்டஈடு, நிலையத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கு எத்தனை வேலை, 20 ஆண்டு முடிந்து பலகைகளைக் கழற்றிய பின் அந்த 500 ஏக்கர் யாருக்கு? பிரதேச செயலகக் கூட்டங்களில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டியவை இவை.