இன்ஃபுளுவென்சா தடுப்பூசித் தயக்கம் (அமெரிக்கப் பெரியவர்கள்)

அமெரிக்காவில் 6 மாத வயது முதல் ஏறத்தாழ எல்லோருக்கும் ஆண்டுதோறும் இன்ஃபுளுவென்சா தடுப்பூசி போட வேண்டுமென 2010இல் பரிந்துரைக்கப்பட்டது. ஆயினும் பெரியவர்களில் சுமார் பாதிப்பேர் போட்டுக்கொள்வதில்லை. இதை வெறும் அறியாமை என்பது தவறு. ஊசியே இன்ஃபுளுவென்சாவைத் தரும் என்ற தவறான எண்ணத்தைத் திருத்திப் பார்த்த ஆய்வாளர்கள் நைஹன், ரைஃப்லர் ஆகியோரின் ஆய்வில் (2015) அந்த எண்ணம் தளர்ந்தது. ஆனால் பக்கவிளைவுக்கு மிகவும் அஞ்சியவர்களிடம் ஊசி போடும் விருப்பமும் கூடவே குறைந்தது. மாறாக, 2011இல் வெளியான பணியிட ஆய்வொன்றில், ஊசி போடப் போகும் நாளையும் நேரத்தையும் எழுதிவைக்கச் சொன்னதே போட்டுக்கொண்டோரை 4 சதவீதப் புள்ளி உயர்த்தியது. சிலரைத் தடுப்பது எதிர்ப்பல்ல, தள்ளிப்போடும் பழக்கம்.

பரவும் வைரஸுடன் தடுப்பூசி நன்கு பொருந்திய ஆண்டிலும் பாதுகாப்பு 40 முதல் 60 சதவீதம்தானே என்ற மறுப்பு நியாயமானது, மறைக்கத் தக்கதன்று. தொற்றினாலும் கடுமை குறைகிறது என்பதே அதற்கு விடை. அச்சத்துக்கும் வரலாறு உண்டு: 1976இன் பன்றிக்காய்ச்சல் தடுப்பூசி, சுமார் லட்சத்தில் ஒருவருக்குக் கூடுதலாக, நரம்புகளைத் தாக்கும் கில்லன்-பாரே நோயைத் தந்தது.